பக் கன்வர்ட்டரின் சுமை மாற்றத் துலங்கலைச் சீர்செய்யும் முறை

12 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்கும் பக் கன்வர்ட்டரில் சுமை திடீரெனக் கூடும்போது, இண்டக்டரின் மின்னோட்டம் உடனே உயர இயலாததால், பற்றாக்குறையை வெளியீட்டுக் கெப்பாசிட்டர்களே ஈடுசெய்கின்றன; அதனால்தான் மின்னழுத்தம் தாழ்கிறது.

முதலில் சுவிட்சாக இயங்கும் ஒரு மாஸ்ஃபெட்டும் (டிரான்சிஸ்டர் வகை) ரெசிஸ்டரும் கொண்டு சுமையைப் பாதியிலிருந்து முழு அளவுக்குத் தாவச் செய்து, வெளியீட்டை ஆஸிலோஸ்கோப்பில், டிசி பகுதியை நீக்கி மாற்றத்தை மட்டும் காட்டும் ஏசி இணைப்பில் பார்க்க வேண்டும். புரோபின் நீண்ட தரைக் கம்பியைக் கழற்றிவிட்டு, குட்டையான ஸ்பிரிங்கைக் கெப்பாசிட்டரின் முனையிலேயே வைத்து அளக்க வேண்டும். இல்லையெனில் கம்பி வாங்கும் சுவிட்சிங் இரைச்சலைச் சுற்றின் குறையென எண்ணி வீணாக அலைய நேரிடும்.

ஒருமுறை தாழ்ந்து அலைவின்றி மீண்டால் நன்று. பலமுறை அலைந்தால் கட்ட விளிம்பு (phase margin; பின்னூட்ட லூப் தானே அலைவுறாமல் காக்கும் கோண இடைவெளி) போதவில்லை. 45 பாகைக்குக் குறையாமல், இயன்றால் 60 பாகை அளவில் இருப்பது நல்லது. மெதுவாக ஊர்ந்து மீண்டால் லூப்பின் அலைவரிசை அகலம் (bandwidth; அது ஈடுகொடுக்கும் வேகம்) குறைவு.

லூப்பை நிலைப்படுத்தும் ஈடுசெய் சுற்று (compensation) சிப்புக்குள்ளேயே அமைந்திருந்தால், நம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் வெளியீட்டின் ஒரு பங்கைச் சிப்புக்குத் தரும் பின்னூட்டப் பிரிப்பானின் மேல் ரெசிஸ்டருக்கு இணையாக வைக்கும் சிறு கெப்பாசிட்டர்தான். அந்த ரெசிஸ்டர் 100 கிலோ ஓம் எனில், 100 பைக்கோ ஃபாரட் ஏறத்தாழ 16 கிலோ ஹெர்ட்சில் ஒரு ஜீரோவை (அந்த அதிர்வெண்ணையொட்டிக் கட்டக் கோணத்தைக் கூட்டும் புள்ளி) தந்து கட்டத்தை உயர்த்தும். மதிப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஆனால் குறுக்கு அதிர்வெண் (லூப்பின் பெருக்கம் ஒன்றாகக் குறையும் இடம்) சுவிட்சிங் அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்கை வெகுவாகத் தாண்டக் கூடாது.

செராமிக் கெப்பாசிட்டர்கள் டிசி மின்னழுத்தத்தில் கொள்ளளவை இழப்பவை என்பதால், கணக்கில் அச்சிட்ட மதிப்பை நம்பாமல் தரவுத்தாளின் வரைபடத்தைப் பார்ப்பதே முறை. இறுதியில் உள்ளீட்டின் இரு எல்லைகளிலும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.