கிங்மேக்கர் ஆரம்பப் பாடம்: வாளைவிடக் காலண்டரைக் கவனியுங்கள்

திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர் வரை நம்ம பக்கத்துப் பிள்ளைகள் மொபைலில் சுடுகிற கேம்களில் கெட்டிக்காரர்கள். ஒரு மேட்ச் முடிந்தால் அடுத்த மேட்ச். போன மேட்ச்சின் கணக்கு இதில் வராது. அந்தப் பழக்கத்தோடு 'பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர்' பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்குகிறார்கள். சண்டைகளை எல்லாம் ஜெயித்திருப்பார்கள், ராஜ்யம் மட்டும் கவிழ்ந்துபோயிருக்கும். காரணம், இந்த கேமில் ஒவ்வொரு நாளும் கணக்கில் ஏறுகிறது. அதை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

அவுல்கேட் கேம்ஸ் உருவாக்கி, 2018 செப்டம்பரில் வெளிவந்த கேம் இது. பைசோ நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கிங்மேக்கர் கதைத் தொடர்தான் இதற்கு அடிப்படை. திருடர்களும் பூதங்களும் சுற்றும் 'ஸ்டோலன் லேண்ட்ஸ்' என்ற காட்டுப் பகுதிக்கு உங்களை அனுப்புவார்கள். அங்கே கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் ஸ்டாக் லார்டை ஒழித்தால் அந்த நிலம் உங்களுடையது. அதற்கப்புறம் அதை ஆள வேண்டியதும் நீங்கள்தான்.

படி 1: கம்ப்யூட்டர்

பெரிய கேமிங் மெஷின் தேவையில்லை. 4 ஜிபி ரேம், 30 ஜிபி இடம் இருந்தால் கேம் ஓடத் தொடங்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பிலும் கிராஃபிக்ஸைக் குறைத்து வைத்து ஆடலாம். கையில் கொஞ்சம் காசு இருந்தால் அதை எஸ்எஸ்டிக்குச் செலவிடுங்கள். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போதெல்லாம் லோடிங் திரை வரும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது பொறுமையைச் சோதிக்கும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் சேவ் செய்துகொள்ளுங்கள். மே மாத மத்தியானத்தில் கரன்ட் எப்போது போகும் என்று நமக்குத் தெரியாதா என்ன. ஒரே சேவ் மேல் திரும்பத் திரும்பச் சேவ் செய்யாமல், வாரத்துக்கு ஒன்றாவது தனியாக வைத்திருங்கள். பின்னால் ராஜ்யம் தடுமாறினால் திரும்பிப் போக ஒரு இடம் வேண்டும்.

படி 2: செட்டிங்ஸ்

கேமைத் தொடங்கும்போதே கடினம் எவ்வளவு என்று கேட்கும். தயங்காமல் 'ஈஸி' வையுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பெயரில்தான் 'நார்மல்', ஆரம்பத்தில் அது நன்றாகவே அடிக்கும். ராஜ்ய நிர்வாகத்துக்கான கடினம் தனியாக இருக்கிறது, அதையும் குறைத்து வையுங்கள். பக்கத்திலேயே ராஜ்யத்தை கேமே பார்த்துக்கொள்ளும் 'ஆட்டோ' முறையும் உண்டு. அதைத் தொடாதீர்கள். ஒருமுறை ஆட்டோவுக்குப் போனால் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. கேமின் பாதி அழகும் ராஜ்யத்தை நாமே ஆள்வதில்தான் இருக்கிறது.

சண்டை ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நிற்கும். எதிரி கண்ணில் பட்டதும், கண்ணி தெரிந்ததும் தானாக நிற்கும்படி ஆட்டோ பாஸ் வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில் வந்த அப்டேட்டில் ஒருவர் பின் ஒருவராக ஆடும் டர்ன் முறையும் சேர்ந்தது. புதியவர்கள் பெரிய சண்டைகளை அந்த முறையில் ஆடினால் யார் என்ன செய்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். சில்லறை ஓநாய்ச் சண்டைக்கு ஓடுகிற முறையே போதும்.

படி 3: உங்கள் ஆள்

கேரக்டர் உருவாக்கும் பக்கத்தில் பல மணி நேரம் தொலைந்துபோகலாம். முதல் தடவை ஆயத்தமாகக் கொடுத்திருக்கும் ஆட்களில் ஒருவரை எடுத்தாலே போதும். நீங்களே செய்வதாக இருந்தால் 'பர்சுவேஷன்' என்ற பேச்சுத் திறனைத் தவறாமல் ஏற்றுங்கள். நாளைக்கு ஆளப்போகிறவருக்கு வாய் முக்கியம். பல சண்டைகளைப் பேசியே முடிக்கலாம். தர்மம் தவறாத புனித வீரனான பாலடின் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பேச்சில் நீங்கள் எடுக்கும் முடிவுகள் உங்கள் குணத்தை மெல்ல மாற்றும். நல்ல வழியிலிருந்து விலகிவிட்டால் பாலடினின் சக்திகள் போய்விடும். அந்தத் தலைவலி இப்போது வேண்டாம்.

படி 4: ஆறு பேரும் ஒரு பகடையும்

உங்களோடு சேர்த்துப் பார்ட்டியில் ஆறு பேர், மற்றவர்கள் கதையில் உங்களோடு சேரும் கூட்டாளிகள். வியாசர்பாடி மைதானத்தில் ஃபுட்பால் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: எல்லாரும் பந்தின் பின்னால் ஓடினால் கோல் வாங்க வேண்டியதுதான். வலெரி பெரிய கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவாள். அமிரி தன் ஆளுயர வாளோடு அவள் பக்கத்தில். குணப்படுத்தும் ஹாரிம் நடுவில். பாட்டுப் பாடும் லின்ஸி, வில்லாளி, மந்திரவாதி எல்லாரும் பின்னால். கதவு, குறுகிய பாலம் என்று எது கிடைத்தாலும் வலெரியை அதில் நிறுத்தி வழியை அடைத்துவிடுங்கள்.

இனி இந்த கேமின் இதயம். திரையின் ஓரத்தில் சண்டைக் குறிப்புகள் ஓடும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு வரியின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் உள்ளே நடந்த கணக்கு முழுவதும் தெரியும்.

ஒரு கொள்ளைக்காரனின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவனைத் தாக்கத் தொட வேண்டிய எண், 16 என்று வையுங்கள். அமிரியின் தாக்குதல் எண் 6. இருபது முகப் பகடை உருளும். விழுந்த எண்ணோடு 6 கூட்டினால் 16-ஐத் தொட வேண்டும். அதாவது 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பதினொரு முகம், 55 சதவீதம். ஏறக்குறைய பாதி அடி காற்றில் போகும்.

இப்போது லின்ஸியின் உற்சாகப் பாட்டைப் போடுங்கள்: எல்லாருக்கும் 1 கூடும். ஹாரிம் 'பிளெஸ்' மந்திரம் சொன்னால் இன்னொரு 1. வலெரியும் அமிரியும் ஒரே ஆளைக் கைகலப்பில் பிடித்தால் இருவருக்கும் 2. இந்த கேமில் அதற்காக எதிரியின் முதுகுப் பக்கம் போய் நிற்கவும் தேவையில்லை. ஆக 6 என்பது 10 ஆகிறது. பகடையில் 6 விழுந்தாலே அடி படும், 75 சதவீதம். அதே அமிரி, அதே வாள். புது வாள் வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

எதிரி பக்கமும் அதே கணக்குதான். 'கிரீஸ்' மந்திரத்தைத் தரையில் ஊற்றினால் ஓடி வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள், விழுந்தவனை வெட்டுவது சுலபம். உங்கள் ஆட்களும் அதில் கால் வைத்தால் விழுவார்கள் என்பதை மறக்காதீர்கள்.

எல்லாரையும் அழவைக்கும் ஒரு இடத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலேயே ஃபாங்பெர்ரி குகை என்று ஒன்று வரும். உள்ளே சிலந்திக் குஞ்சுகள் கூட்டமாக மொய்க்கும். வாள், அம்பு எதுவும் அந்தக் கூட்டத்தின் மேல் எடுபடாது. தீப்பந்தத்தைக் கையில் எடுத்து அடியுங்கள், ஆல்கெமிஸ்ட் ஃபயர் குப்பிகளை வீசுங்கள், நெருப்பு மந்திரம் இருந்தால் போடுங்கள். குப்பி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.

படி 5: தொண்ணூறு நாள்

ஸ்டாக் லார்டை ஒழிக்க உங்களுக்கு மூன்று மாதம் கெடு. முதலில் ஓலெக்கின் வியாபாரச் சாவடிக்குப் போகவே மூன்று நாள் கெடு உண்டு, அதனால் வழியில் வேடிக்கை பார்க்காமல் நேராகப் போங்கள். அதற்கப்புறம் மூச்சு விடலாம்.

நாட்களை விழுங்குவது சண்டை இல்லை. நடையும் தூக்கமும்தான். கண்ணில் பட்ட இரும்புக் கவசத்தை எல்லாம் பொறுக்கினால் சுமை ஏறும், சுமை ஏறினால் மேப்பில் நடை தளரும். மந்திரம் இல்லாத கனமான சாமான்களை விட்டுவிடுங்கள். ஒரேயடியாக நடந்தால் ஆட்கள் களைத்துப்போவார்கள், களைத்தவன் சண்டையில் பலம் குன்றுவான். முகாம் போடும்போது வேட்டை, காவல், மறைவு, சமையல் என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கையில் இருந்தால் வேட்டைக்குப் போகும் நேரம் மிச்சம், ஆனால் அதுவும் கனம்தான். என் கணக்கில், வெட்டவெளியில் வேட்டையாடுவது, குகைக்குள் பொட்டலத்தைப் பிரிப்பது, இதுதான் சரியாக வருகிறது.

ஒரே திசையில் இருக்கும் மூன்று நான்கு இடங்களை ஒரே சுற்றில் முடித்துவிட்டு ஓலெக்கிடம் திரும்புங்கள். பார்ட்டி நான்காம் லெவலைத் தொட்டதும் ஸ்டாக் லார்டின் கோட்டைக்குக் கிளம்பலாம்.

படி 6: நாற்காலியில் உட்கார்ந்ததும்

அந்தக் கோட்டைதான் இனி உங்கள் தலைநகர். சமூகம், விசுவாசம், ராணுவம், பொருளாதாரம் என்று தொடங்கி ராஜ்யத்துக்குப் பத்து அளவீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆலோசகர், சில பதவிகள் பின்னால்தான் திறக்கும். வலெரியை உங்கள் சார்பில் ஆளும் ரீஜன்ட் ஆக்கலாம், அமிரியைத் தளபதி ஆக்கலாம், ஹாரிமைத் தலைமைக் குரு ஆக்கலாம். பதவி கொடுத்தால் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பதவியும் பார்ப்பார்கள், உங்களோடு காட்டுக்கும் வருவார்கள்.

ராஜ்யத் திரையில் அட்டைகள் வரும். பிரச்சினை அட்டை ஒரு வகை, வாய்ப்பு அட்டை இன்னொரு வகை. ஆலோசகரை அதில் வைத்தால் இத்தனை நாள் என்று அவர் அந்த வேலையில் மாட்டிக்கொள்வார். முடிவில் இங்கும் அதே இருபது முகப் பகடைதான் உருளும். பெருவெற்றி, வெற்றி, தோல்வி, பேரழிவு என்று நான்கில் ஒன்று கிடைக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு அட்டையை விட்டுவிட்டால் லாபம் மட்டும்தான் போகும். பிரச்சினை அட்டையை விட்டால் அளவீடுகள் சரியும், சரிந்துகொண்டே போனால் ஆட்டம் முடிந்துவிடும். தளபதி ஏதோ ஒரு வாய்ப்பைத் தேடிப் போயிருக்கும்போது கொள்ளைக்கூட்டம் வந்தால் அனுப்ப ஆள் இருக்காது. ஆகவே முதல் சில மாதங்கள் பிரச்சினைக்குத்தான் முதல் மரியாதை. கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று அட்டையிலேயே இருக்கும், பார்த்துப் பழகுங்கள்.

செலவெல்லாம் பில்ட் பாயின்ட், அதாவது பிபி கணக்கில். வாராவாரம் கொஞ்சம் வரும், தங்கக் காசு கொடுத்தும் வாங்கலாம். அட்டைக்கும் பிபி தேவைப்படும் என்பதால் கட்டடத்தில் மொத்தத்தையும் கொட்டிவிடாதீர்கள். கையிருப்பு இல்லாத நேரத்தில் வரும் பிரச்சினை அட்டைதான் ராஜ்யங்களைக் கவிழ்க்கிறது.

ஒரு அளவீடு போதுமான அளவு ஏறியதும் அதை அடுத்த படிக்கு உயர்த்தும் வேலை வரும். அதற்கு நீங்களே சிம்மாசனத்தில் 14 நாள் உட்கார வேண்டும். பொத்தானை அழுத்தினால் 14 நாளும் ஒரே தாவலில் ஓடிவிடும். அழுத்துவதற்கு முன் மேஜையில் கிடக்கும் எல்லா அட்டையையும் பாருங்கள். பன்னிரண்டு நாளில் கெடு முடியும் பிரச்சினை ஒன்று ஆளில்லாமல் கிடந்தால் கண்ணெதிரே அது தோற்றுப்போகும்.

இரண்டாம் அத்தியாயத்தில் ட்ரோல் என்ற பூதங்களின் தொல்லை ஆரம்பிக்கும். இதில்தான் முழு ஆட்டத்துக்குமான வழி இருக்கிறது. சுற்றிப் பார்க்கிற ஆசையை ஒத்திவைத்து, முக்கியக் கதையின் ஆபத்தை முதலில் முடித்துவிடுங்கள். அடுத்த ஆபத்து வருவதற்குள் அமைதியான காலம் கிடைக்கும். அந்த 14 நாள் வேலைகளை எல்லாம் அந்த அமைதிக் காலத்துக்குத் தள்ளுங்கள். கூட்டாளிகளின் சொந்தக் கதைகளையும், மேப்பில் இன்னும் போகாத மூலைகளையும் அப்போதே முடிக்கலாம். ட்ரோல்கள் ஊருக்குள் இருக்கும்போது இரண்டு வாரம் சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் அந்த இரண்டு வாரமும் பிரச்சினை அட்டையாகத் திரும்பி வரும்.

ட்ரோல் வேட்டைக்குக் கிளம்பும் முன் நெருப்போ அமிலமோ கையில் இருக்கட்டும். வேறு எதில் அடித்து வீழ்த்தினாலும் அதன் காயம் ஆறிக்கொண்டே வரும்.