தன்மதிப்பை வளர்க்கிறோம் என்று நாம் செய்யும் தவறுகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் சென்னையில் எந்த வீட்டிலும் போன் ஓயாது. பெரம்பூரிலிருந்து அத்தை கூப்பிடுவார். "எவ்வளவுடா கண்ணா?" "ஐநூத்தி இருபது அத்தை." "ஓ... சரி, பரவாயில்லை விடு." 600க்கு 520 வாங்கிய பிள்ளை, அந்தப் "பரவாயில்லை"யைக் கேட்டதும் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விடுவான். 580 எதிர்பார்த்த வீடு அது. இரண்டு தெரு தள்ளி, 400 வந்தால் போதும் என்றிருந்த வீட்டில் அதே 520க்கு அக்கம்பக்கம் முழுக்க லட்டு போகும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டிலேயே இதை ஒரு கணக்காக எழுதிவைத்தார். நாம் சாதித்ததை, நாம் எதிர்பார்த்ததால் வகுத்தால் வருவதுதான் தன்மதிப்பு என்றார். மார்க் ஒன்றுதான், வகுக்கும் எண் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அந்த எண்ணைப் பெரும்பாலும் பிள்ளை வைப்பதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் டியூஷன் சென்டரும் சேர்ந்து வைக்கிறார்கள்.

தன்மதிப்பு மனநலத்துக்கு முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. ஒரே ஆட்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து, சோவிஸ்லோ, ஓர்த் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தன்மதிப்பு குறைந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது. மனச்சோர்வும் தன்மதிப்பைக் குறைக்கத்தான் செய்கிறது, ஆனால் முதலில் சொன்ன திசையில்தான் தாக்கம் வலுவாக இருக்கிறது. பதற்ற நோயைப் பொறுத்தவரை இரண்டு திசையும் ஏறக்குறைய சமம். அதனால் இதைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் அக்கறைப்படுவது நியாயமே. அந்த அக்கறையில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் கோளாறு வருகிறது.

சத்தமாகப் பேசுகிறவனுக்குத் தன்மதிப்பு அதிகம் என்று நினைப்பதிலேயே கோளாறு தொடங்குகிறது. மோரிஸ் ரோஸன்பெர்க் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலைத்தான் இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 10 வாக்கியங்கள். மற்றவர்களுக்குச் சமமாக எனக்கும் மதிப்புண்டா, என்னிடம் நல்ல குணங்கள் சில உண்டா, மொத்தத்தில் என்னைப் பற்றி எனக்குத் திருப்திதானா என்பது போன்ற எளிய கேள்விகள் அவற்றில் இருக்கும். "நான் மற்றவரைவிட மேல்" என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஓஎம்ஆர் சாலை அலுவலகத்தில் மீட்டிங்கில் வாயே திறக்காத பெண் இந்த அளவுகோலில் அமைதியாக நல்ல மதிப்பெண் வாங்கக்கூடும். எல்லாரையும் மடக்கிப் பேசும் அவருடைய மேனேஜர், ஒரு விமர்சனம் வந்தால் அன்றிரவு தூங்காமல் புரளக்கூடும்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இன்னொன்று. மொத்த மதிப்பையும் ஒரே ஆணியில் மாட்டுவது. ஆணி பிடுங்கிக்கொண்டால் எல்லாம் சேர்ந்து கீழே விழும். ஜெனிஃபர் கிராக்கர் என்ற உளவியலாளர், ஒருவருக்குத் தன்மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எதை நம்பி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்த மாணவர்களை அவருடைய குழு பின்தொடர்ந்து 2002இல் ஆய்வை வெளியிட்டது. இடம் கிடைத்த நாளில் தன்மதிப்பு ஏறியது, மறுப்பு வந்த நாளில் இறங்கியது. படிப்பையே தன் மதிப்பாக நினைத்தவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாக இருந்தது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். காலையிலேயே இடம் பிடித்து, தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குரூப் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் வரிசையாக இருப்பார்கள். அந்த உழைப்பைப் பார்த்தால் மனசு நிறையும். ஆனால் அவர்களில் பலர், வேலை கிடைக்கும்வரை கல்யாணத்துக்குப் போவதில்லை, நண்பர்களின் போனை எடுப்பதில்லை, பொங்கலுக்கு ஊருக்குப் போவதில்லை. "பாஸ் பண்ணிட்டு முகத்தைக் காட்டிக்கிறேன்" என்கிறார்கள். கல்யாணத்தையும் பொங்கலையும் மட்டும் தள்ளிவைத்தால் பரவாயில்லை, மனிதராக இருப்பதையே ரிசல்ட் வரும்வரை தள்ளிவைக்கிறார்கள். கிரிக்கெட் ஆடுகிற, அம்மாவுக்கு ரேஷன் வாங்கித் தருகிற, நண்பனின் துக்கத்துக்கு முதல் ஆளாக நிற்கிற ஒருவனுக்குக் கட் ஆஃபில் ஒரு மார்க் குறைந்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அவனிடம் மிச்சம் நிறைய இருக்கும். அந்த மிச்சத்தைப் படிப்புக்குத் தடை என்று வெட்டிவிடச் சொல்லும் பெற்றோர், ஆபத்தான வேலையைச் செய்கிறார்கள்.

நிறம், உடம்பு, சம்பளம் இவற்றில் மாட்டுவதும் இதே கதைதான். பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் கலர் கம்மி" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினால், அதை அப்படியே வந்து பெண்ணிடம் ஒப்பிக்கும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தச் செய்தியை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாராட்டு. திட்டி வளர்த்த தலைமுறையைப் பார்த்துப் பயந்து, இன்று நாம் நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டோம். நெதர்லாந்தில் எடி புருமெல்மன் குழு செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. 8 முதல் 12 வயதுவரை உள்ள குழந்தைகள் வான்கா ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு "அழகாக வரைந்திருக்கிறாய்" என்றும், சிலருக்கு "அபாரமான அழகு!" என்றும் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு எளிதான படமா, கடினமான படமா என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, தன்மதிப்பு குறைந்த குழந்தைகள் அந்த மிகைப் பாராட்டுக்குப் பிறகு கடினமானதைத் தவிர்த்தார்கள். அவ்வளவு பெரிய சொல்லுக்கு அடுத்த முறை ஈடுகொடுக்க வேண்டுமே என்ற பயம்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இதில் வருத்தம் என்னவென்றால், தன்மதிப்பு குறைந்த குழந்தைகளுக்குத்தான் பெரியவர்கள் இப்படி அள்ளிக் கொட்டுகிறார்கள்.

"நீ புத்திசாலிடா" என்பதும் இதே மாதிரி வேலையைத்தான் செய்கிறது. கரோல் டிவெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் துவண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் அடுத்த கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதனால் பாராட்டும்போது பார்த்ததைச் சொல்லுங்கள். "மூணாவது கணக்கில் மாட்டிக்கிட்டே, அப்புறம் வேற வழியில் போட்டுப் பார்த்தியே, அது நல்லா இருந்தது." இப்படிச் சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். குழந்தைக்குப் போய்ச் சேருவதும் அந்தக் கவனம்தான்.

ரோஷம் வரட்டும் என்று மட்டம்தட்டுவது பழைய தவறு, இன்னும் ஓயவில்லை. "பக்கத்து வீட்டுப் பையனைப் பார், அவன் மூத்திரத்தைக் குடி" என்ற வரைக்கும் பேசுகிற வீடுகள் உண்டு. திட்டு வாங்கியும் முன்னுக்கு வந்தவர்கள் நம் கண்ணில் படுகிறார்கள். வாங்கி ஒடுங்கிப்போனவர்கள் கண்ணில் படுவதில்லை.

கண்ணாடி முன்னால் நின்று "நான் அருமையானவன், எல்லாரும் என்னை விரும்புகிறார்கள்" என்று சொல்லச் சொல்லும் பயிற்சி வகுப்புகள் நகரம் முழுக்க நடக்கின்றன. கனடாவின் ஜோவான் வுட் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மணி அடிக்கும்போதெல்லாம் "நான் அன்புக்குரியவள்" என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளச் செய்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்கு அது சிறிது உதவியது. குறைவாக இருந்தவர்களுக்கோ மனநிலை இன்னும் மோசமானது. நம்பமுடியாத வாக்கியத்தைச் சொல்லும்போது, அதற்கு எதிரான நினைவெல்லாம் உள்ளே எழுந்து வாதாடும். அதற்குப் பதிலாக, "இன்றைக்குக் கஷ்டமாக இருக்கிறது, இந்த நிலைமையில் யாருக்குமே கஷ்டமாகத்தான் இருக்கும்" என்று தன்னிடம் தானே சொல்வது உண்மையாகவும் இருக்கும், தாங்கவும் செய்யும். தன்னிடம் காட்டும் பரிவு பற்றி கிறிஸ்டின் நெஃப் 2003 முதல் எழுதிவருவதன் சாரமும் இதுதான்.

தன்மதிப்பை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறுதான். கலிபோர்னியா அரசு 1986இல் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. குற்றம், போதை, படிப்பில் பின்தங்கல் எல்லாம் இதனால் குறையும் என்று நம்பினார்கள். ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் வேறு மூவரும் 2003இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசியபோது, தன்மதிப்பால் நல்ல மார்க் வருவதைவிட நல்ல மார்க்கால் தன்மதிப்பு வருவதே அதிகம் என்று தெரிந்தது. மகிழ்ச்சிக்கும், தோற்ற பின் மறுபடி முயல்வதற்கும் அது துணை செய்கிறது. அந்த அளவுக்கு எதிர்பார்ப்பது போதும்.

கடைசியாக ஒன்று, இதில் தாமதம் கூடாது. மனச்சோர்வைத் "தன்னம்பிக்கைக் குறைவு" என்று எடுத்துக்கொண்டு ஆளுமை வளர்ச்சி வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதோடு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசியில்லாமல், முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால், அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒருவர் சொன்னால், அன்றே ஆளைத் தனியாக விடாமல் உதவி தேட வேண்டும்.

சென்னையில் இதற்கு வழி இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை தவிர, ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. புறநோயாளிகளுக்குக் கட்டணம் கிடையாது. 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண் 2022 முதல் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். 1986இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. கூப்பிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், தூக்கம் எப்படி இருக்கிறது, சாப்பாடு எப்படி இருக்கிறது, எத்தனை நாளாக இப்படி என்ற மூன்றை மட்டும் சொன்னாலே போதும். மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.