கோயிலில் பெரியவர்களுக்குப் பிரஷர், சுகர் பார்க்கிறீர்களா?

முதலில் நாள். பிள்ளையார்பட்டியில் சங்கடஹர சதுர்த்தி, குன்றக்குடியில் கார்த்திகை, சிவன் கோயில் என்றால் பிரதோஷம் என்று மாதாமாதம் அதே முகங்கள் வரும் நாளாகப் பிடியுங்கள். ஆண்டுக்கொரு தடவை திருவிழாவில் பந்தல் போட்டு நடத்தும் முகாமில் போட்டோ நன்றாக வரும், அவ்வளவுதான்.

நிர்வாகத்திடம் கேட்டு முன்மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். சாய்மானமுள்ள நாற்காலிகள், டிஜிட்டல் பிரஷர் கருவி, நடுத்தரம், பெரியது என இரண்டு அளவில் கைப்பட்டை, குளுக்கோமீட்டர், குத்திய ஊசியைப் போட மூடியுள்ள கெட்டி டப்பா, ஒரு நோட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்பே சொல்லிவையுங்கள்.

மலையிறங்கி மூச்சு வாங்க வருபவருக்கு உடனே பட்டையைச் சுற்றினால் பிரஷர் கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை நெஞ்சு உயரத்தில் இருக்கவேண்டும், சம்மணம் கூடாது. காபி குடித்து அரைமணி ஆகியிருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை பார்த்துச் சராசரியை எழுதுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால், நமஸ்காரம் செய்து எழும்போது தலைசுற்றி விழக்கூடியவர் அவர். இதைத்தான் முகாம்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

வேறு வேறு நாளில் 140/90-க்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். 180/120-ஐத் தொட்டு, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வாய் குழறலோ இருந்தால் 108.

சுகர் பார்க்குமுன் விரலைத் தண்ணீரில் கழுவித் துடைக்கவேண்டும். பஞ்சாமிர்தம் துளி ஒட்டியிருந்தாலும் அளவு எகிறிவிடும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரைப் பொங்கல் உதவாது, நெய் அதைத் தாமதப்படுத்தும். விரத நாளில் இன்சுலினோ, சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்களிடம் தனியாக விசாரியுங்கள். அளவை மாற்றுவது டாக்டர் வேலை, நம் வேலை இல்லை.

நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும்போது, அதாவது இனிப்பு மாவு உருண்டையில் திரியேற்றிச் சுடரோடு விழுங்கும்போது, சுகர் உள்ளவர்களுக்கு மாவை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினால் போதும். பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படும் ஐயாவைச் சுடரோடு விழுங்க வைக்காதீர்கள். தொட்டுக் கும்பிடட்டும், பிள்ளையார் கோபிக்கமாட்டார்.

இனி நோட்டு. பெயருக்கு எதிரே மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டு அளவை எழுதுங்கள், யார் வரவில்லை என்பதும் அதில் தெரியும். சுமார் 74,500 அமெரிக்கச் செவிலியரை 16 ஆண்டு தொடர்ந்து பார்த்து 2016-ல் வந்த ஆய்வில், வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்களிடம், போகாதவர்களைவிட இறப்பு 33 சதவீதம் குறைவு. புகை பிடிக்காதது, மனச்சோர்வு குறைவு, துணைக்கு ஆள் இருப்பது இவற்றுக்கெல்லாம் அதில் பங்குண்டு. நடமாட முடிகிறவர்கள்தானே கோயிலுக்கு வருகிறார்கள் என்ற சந்தேகமும் நியாயமே. நம் மேசைக்கும் அது பொருந்தும்: வராதவர்தான் ஆபத்தில் இருப்பவர். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் இருப்பது நம் செட்டிநாட்டில் சகஜம். ஒரு பெயருக்கு எதிரே இரண்டு மாதம் கட்டம் காலியாக இருந்தால் அந்த வாரமே வீட்டுக்கு ஆள் போகவேண்டும். படுக்கையில் இருந்தால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் பெயரைக் கொடுங்கள். மாத்திரை வீட்டுக்கே வரும்.

நோட்டைப் பூட்டி வையுங்கள். யாருக்கு எவ்வளவு சுகர் என்பது அன்னதானப் பந்தியில் பேச்சானால் அடுத்த மாதம் மேசைப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள்.