பைப் ஆர்கன் பதிவு: மைக்கை எங்கே வைப்பது?

பைப் ஆர்கனை (குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய வாத்தியம்) அது இருக்கும் இடத்திலேயே பதிவு செய்யப் போகிறவர்கள் மைக்கை வாசிப்பவர் அருகில் வைக்க வேண்டாம். அங்கே கட்டைகள் தட்டும் சத்தமும் பெடல் சத்தமும்தான் தூக்கலாகக் கேட்கும். குழாய்களின் ஒலி ஒன்றோடொன்று கலப்பது கூடத்துக்குள் கொஞ்சம் தள்ளி வந்த பிறகுதான். அதனால் மைக்கை எடுக்குமுன், அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு மெல்ல நடந்து பாருங்கள். சொற்கள் குழறுவதுபோல் சுரங்கள் ஒன்றில் ஒன்று கரையத் தொடங்கினால் எதிரொலி மிஞ்சிவிட்டது. ஆர்கன் பக்கமாக இரண்டடி முன்னே வாருங்கள். ஸ்டாண்டை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு நல்லது.

மைக் ஓம்னி (எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும்) வகையாக இருக்கட்டும். 16 அடிக் குழாயின் அடி ஸ்வரம் சுமார் 33 ஹெர்ட்ஸ், 32 அடி என்றால் 16தான். தூரத்தில் வைத்த கார்டியாய்டு (முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் வாங்கும்) மைக்கில் இது மெலிந்துபோகும். கீழ் ஒலிகளை வெட்டும் லோ-கட் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

பதிவின் ஒலி லெவலுக்கு, எல்லா ஸ்டாப்பையும் (குழாய் வரிசைகளைத் திறக்கும் குமிழ்கள்) திறந்து வாசிக்கச் சொல்லி, மீட்டரில் உச்சம் -12 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள்.

கூடத்தின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் சாதாரணக் குழாய்களின் சுருதி சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும்; உள்ளே நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ரீட் குழாய்கள் அந்த அளவு ஏறாது. பதிவின்போது எரியப்போகும் விளக்குகளை ஏற்றி வைத்துவிட்டே சுருதி சேர்க்கச் சொல்லுங்கள்.

கிளம்புமுன், காற்றடிக்கும் மோட்டார் ஓட, யாரும் வாசிக்காமல் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அதுதான் கைகொடுக்கும்.