டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து: எங்கே தவறுகிறார்கள்?

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் ‘1:180’ என்று சிவப்பில் வந்ததும் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: இதே கணக்கு வரும் 180 கர்ப்பங்களில் ஒன்றில் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவிக் கோளாறு) இருக்கும், 179-ல் இருக்காது. பல லேப்கள் 1:250-ஐ எல்லையாக வைத்திருப்பதால் சிவப்பு. 1:2000 வந்தாலும் ‘இல்லவே இல்லை’ என்று அர்த்தமில்லை.

சிவப்பைக் கண்டதும் இன்னொரு லேபில் அதே ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுப்பார்கள். இரண்டாவது எண் குறைந்து வந்தால் முதலாவது பொய்யாகிவிடாது, நாள்தான் போகும். அதற்குப் பதில் படிவத்தைப் பாருங்கள். பிறந்த தேதி, அன்றைய எடை, இரட்டைக் கருவா, இன்சுலின் போடுகிறீர்களா என்பதெல்லாம் கணக்கில் சேரும். 62 கிலோவை 52 என்று எழுதியிருந்தால் எண்ணே மாறும். தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால் தந்தவரின் வயதை எழுத வேண்டும். இதைப் பலர் கூச்சத்தில் மறைத்துவிடுகிறார்கள்.

டபுள் மார்க்கருடன் சேர்த்துப் பார்க்கும் என்.டி. ஸ்கேனுக்கு (கருவின் பின்கழுத்தில் உள்ள நீர்ப்படலத்தின் தடிமனை அளப்பது) 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் நேரம். கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் தேதியை மட்டும் நம்பினால் இது கைவிட்டுப் போகும். தவறினால் 15-வது வாரத்திலிருந்து குவாட்ரபிள் டெஸ்ட் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு, ஆனால் என்.டி.யும் டபுள் மார்க்கரும் சேர்ந்து கண்டுபிடிக்கும் அளவுக்கு அது பிடிக்காது.

என்.ஐ.பி.டி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையை முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. 10-வது வாரத்திலிருந்து செய்யலாம், டவுன் சிண்ட்ரோமை நன்றாகவே பிடிக்கும். ஆனால் தாயின் ரத்தத்தில் அது தேடுவது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் டி.என்.ஏ. நஞ்சுக்கொடியில் இருக்கும் கோளாறு குழந்தையிடம் இல்லாமலும் போகலாம். அதனால் பாசிட்டிவ் வந்தால் பனிக்குட நீரை எடுத்து உறுதி செய்யாமல் எந்த முடிவும் கூடாது. என்.டி. 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், என்.ஐ.பி.டி. நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

பனிக்குட நீர்ப் பரிசோதனை 15 வாரம் முடிந்த பிறகு. ஊசியால் சுமார் 15–20 மில்லி எடுப்பார்கள். கரு கலையும் ஆபத்து 1 சதவீதத்துக்கும் குறைவு. முதல் முடிவு சில நாளில் வரும், முழு குரோமோசோம் ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று வாரமாகும். தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகையென்றால், 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்புப் பொருள் உருவாக்காமல் தடுப்பது) வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே அறையை விட்டு வெளியே வாருங்கள்.