முகவரிக்குள் காற்புள்ளி வந்தால்: சிஎஸ்வி கோப்பைப் பிழையின்றிப் படிக்கும் முறை

சிங்கப்பூரில் வீட்டு முகவரி எழுதும்போது புளோக் எண், மாடியையும் வீட்டையும் குறிக்கும் எண், வட்டாரம் ஆகியவற்றுக்கு இடையே நாம் காற்புள்ளி இடுகிறோம். சமூக மன்றத்துத் தீபாவளி நிகழ்ச்சிக்குப் பதிந்தவர்களின் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாகப் பெற்று, அதைப் படிக்க நிரல் எழுதும் தொண்டூழியர் முதலில் தடுமாறுவது இங்கேதான். சிஎஸ்வி (CSV) கோப்பில் ஒரு பதிவின் பகுதிகளான புலங்களைப் பிரிக்கும் குறியும் அதே காற்புள்ளிதான்.

முதல் படியாக, கோப்பை எக்செலில் திறக்காமல் நோட்பேட் போன்ற எளிய செயலியில் திறந்து பாருங்கள். எக்செல் மேற்கோள்குறிகளைக் காட்டாது. ராபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்து அஞ்சல் குறியீடுகளின் முன்னால் உள்ள சுழியத்தையும் நீக்கிவிடும் என்பதால், அப்படியே சேமித்தால் ஆறு இலக்கம் ஐந்தாகிவிடும். நோட்பேடில் ஒரு பதிவு இப்படித் தெரியும்:

17,"புளோக் 12, #08-45, தோ பாயோ",2

உறுப்பினர் எண், முகவரி, இருக்கைகள் என இதில் மூன்றே புலங்கள் உள்ளன. ஆனால் ‘ஸ்பிளிட்’ கட்டளையால் காற்புள்ளிதோறும் வெட்டினால் ஐந்து துண்டுகள் கிடைக்கும். இருக்கைகளின் எண்ணிக்கை இருக்கவேண்டிய மூன்றாம் இடத்தில் #08-45 வந்து நிற்கும்.

இரண்டாம் படி, விதியைப் புரிந்துகொள்வது. அவசரப்படாமல் இதற்கு நேரம் கொடுங்கள். சிஎஸ்வி வடிவத்தை விவரித்து 2005ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணத்தின்படி, காற்புள்ளியோ இரட்டை மேற்கோள்குறியோ வரிமுறிவோ உள்ள புலத்தை இரட்டை மேற்கோள்குறிகளுக்குள் அடைக்கவேண்டும். புலத்துக்குள்ளேயே மேற்கோள்குறி வந்தால் அதை இருமுறை எழுதவேண்டும். ஆகவே, கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கும் நிரல், தான் மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை எப்போதும் நினைவில் வைத்திருக்கவேண்டும். உள்ளே இருக்கும்போது காற்புள்ளி வெறும் எழுத்துதான். அப்போது ஒரு மேற்கோள்குறி எதிர்ப்பட்டால் அடுத்த எழுத்தைப் பார்க்கவேண்டும்: அதுவும் மேற்கோள்குறியானால் இரண்டும் சேர்ந்து ஒரே குறி, காற்புள்ளியோ வரியின் முடிவோ ஆனால் புலம் முடிந்தது. மேலே உள்ள வரியை ஒருமுறை விரலால் தொட்டுத் தொட்டு இவ்வாறு படித்துப் பாருங்கள். ஸ்பிளிட் ஏன் தோற்கிறது என்பது தெளிவாகும்.

மூன்றாம் படியில், இந்த வேலையைப் பைத்தான் நிரல்மொழியுடன் வரும் சிஎஸ்வி தொகுதியின் ‘ரீடர்’ (reader) வசம் விட்டுவிடுங்கள். கோப்பைத் திறக்கும்போது ‘நியூலைன்’ (newline) அளவுருவுக்கு வெற்றுச் சரத்தைக் கொடுக்கவேண்டும். புலத்துக்குள் உள்ள வரிமுறிவுகள் அப்போதுதான் மாறாமல் கிடைக்கும். எக்செல் யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்த கோப்பானால், குறியாக்கத்தை ‘யூடிஎஃப்-8-சிக்’ (utf-8-sig) என்று குறிப்பிடுங்கள். இல்லையேல் முதல் தலைப்பின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டிக்கொள்ளும். காற்புள்ளிக்கும் மேற்கோள்குறிக்கும் இடையே வெற்றிடம் இருந்தால், ரீடர் அந்த மேற்கோள்குறியைத் தொடக்கமாக ஏற்காது. அத்தகைய கோப்புகளுக்கு ‘ஸ்கிப்இனிஷியல்ஸ்பேஸ்’ (skipinitialspace) தெரிவை இயக்கவேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பதிவிலும் புலங்களின் எண்ணிக்கை மூன்றுதானா என்று சரிபார்த்து, மாறுபட்டால் அந்த வரி எண்ணைக் காட்டி நிற்குமாறு எழுதுங்கள். கோப்பைத் திரும்ப எழுதுவதற்கும் அதே தொகுதியின் ‘ரைட்டர்’ உண்டு; தேவையான இடங்களில் மேற்கோள்குறிகளை அதுவே இடும்.

சில கோப்புகளில் மேற்கோள்குறிகளே இருக்காது:

17,புளோக் 12, #08-45, தோ பாயோ,2

இங்கே முதல் துண்டு உறுப்பினர் எண், கடைசித் துண்டு இருக்கைகள் என்பது உறுதி. ஆகவே இடையில் உள்ளவற்றையெல்லாம் மீண்டும் காற்புள்ளியால் இணைத்தால் முகவரி முழுமையாகக் கிடைக்கும். ஒரே ஒரு புலத்தில் மட்டும் காற்புள்ளி வரக்கூடும் என்றால்தான் இது செல்லும். முகவரியை அடுத்து, உணவு விருப்பம் போன்றவற்றை எழுதும் குறிப்புப் புலமும் இருந்து, அதிலும் காற்புள்ளிகள் இருந்தால், முகவரி எங்கே முடிகிறது என்று எந்த நிரலாலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அப்போது ஊகித்துப் பிரிக்காமல், பட்டியலை அனுப்பியவரிடம் மேற்கோள்குறிகளுடன் மீண்டும் எடுத்துத் தருமாறு கேளுங்கள்.