தண்ணீரில் மாங்கனீசு: ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது, வீட்டில் என்ன செய்வது

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஸாம்பிள் வாங்கிவைப்பதும், ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து விளக்குவதும் என் வேலை. பாட்டிலை நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி தெளிவாத்தாங்க இருக்கு, சும்மா ஒரு திருப்திக்குப் பார்க்கிறோம்." மாங்கனீசு என்ற உலோகத்தின் விஷயத்தில் அந்தத் தெளிவை வைத்து எதையும் சொல்ல முடியாது. நிலத்தடியில் காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது முழுக்கக் கரைந்தே கிடக்கும். குழாயில் வரும்போது நிறமே இருக்காது. காற்றுப் பட்ட பிறகுதான் பழுப்பாகி, கறுப்பாகி, அடியில் படியும். இரும்பு சீக்கிரமே செம்மண் நிறத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மாங்கனீசு அப்படி அவசரப்படாது.

அதனால் டம்ளரைப் பார்க்காதீர்கள், ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்சுவரில் விரலை வைத்து இழுத்தால் கரிப்பிசுக்கு மாதிரி கறுப்பாக வழுவழுவென்று வருகிறதா? மாங்கனீசு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளிகள் விழுவது இன்னொரு அடையாளம். அதற்கு ப்ளீச் போட்டால் கறை இன்னும் கறுத்து நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் குளோரின் மாங்கனீசை மேலும் ஆக்சிஜனேற்றிவிடுகிறது. சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலம்தான் அந்தக் கறையை இளக்கும். ஆனால் ப்ளீச்சையும் அமிலத்தையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

இந்த அடையாளம் எதுவுமே இல்லாத வீட்டுத் தண்ணீரிலும் மாங்கனீசு இருக்கலாம். ஆகவே எண் தெரிய வேண்டும்.

ஸாம்பிள் எடுப்பதில் சில விஷயங்கள் முக்கியம். கூடத்தில் கொடுக்கும் பாட்டிலையே பயன்படுத்துங்கள். அதன் அடியில் கொஞ்சம் அமிலம் இருந்தால் அது மாங்கனீசு பாட்டில் சுவரில் ஒட்டாமல் இருப்பதற்காகப் போட்டது. கழுவிக் கொட்டிவிடாதீர்கள், கையிலும் படவிடாதீர்கள். எந்தக் குழாயில் குடிக்கிறீர்களோ அதில்தான் பிடிக்க வேண்டும். ஃபில்டர் இருந்தால் அதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. "மொத்த மாங்கனீசு பார்க்க வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் சாதாரணப் பரிசோதனைப் பட்டியலில் அது இல்லாமலும் போகலாம். கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது கரைந்த உப்புகளை ஒட்டுமொத்தமாகக் காட்டும் கருவி. முந்நூறு நானூறு என்று காட்டும் எண்ணுக்குள் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் மாங்கனீசு எங்கே தெரியப்போகிறது?

ரிப்போர்ட் வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். சில கூடங்கள் மில்லிகிராமில் எழுதும், சில மைக்ரோகிராமில். 0.08 மில்லிகிராமும் 80 மைக்ரோகிராமும் ஒன்றுதான். "120 வந்திருக்கே" என்று பதறுகிறவர்களையும், "0.9 தானே, ஒன்றுகூட இல்லையே" என்று நிம்மதியாகப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இதில் பதற வேண்டியவர் இரண்டாமவர்.

வரம்பு எவ்வளவு என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் என்ற அளவைச் சொல்லி, முறையான வரம்பு தேவையில்லை என்று விட்டுவைத்திருந்தது. 2022-இல் வெளியான திருத்தத்தில் அது தற்காலிக வரம்பாக 0.08-க்கு இறங்கிவிட்டது. கனடா 2019-இல் 0.12 என்று வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வாழ்நாள் முழுக்கக் குடிப்பதற்கு 0.3 என்கிறது, நிறத்துக்கும் சுவைக்கும் 0.05. இந்தியத் தர நிர்ணயத்தில் 0.1, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 0.3. எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்பவர்களுக்கு நான் 0.08-ஐத்தான் சொல்வேன், காரணம் அது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு.

ஏன் கைக்குழந்தை? மாங்கனீசு நஞ்சு மட்டுமல்ல, உடம்புக்குத் தேவையானதும்கூட. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.3 மில்லிகிராம், பெண்ணுக்கு 1.8 போதும், அது உணவிலேயே கிடைத்துவிடும். மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்கு அந்த வழி இன்னும் சரியாகத் திறக்கவில்லை, குடலோ அதிகமாக உறிஞ்சும், மூளை வேகமாக வளரும் பருவம் வேறு. தாய்ப்பாலில் மாங்கனீசு மிகக் குறைவு. பால் பவுடரில் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், அதைக் கரைக்கும் தண்ணீரிலும் இருந்தால் இரட்டைச் சுமை. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் கவனம் வேண்டும். இரும்புச் சத்துக் குறைவாக இருந்தால் உடம்பு மாங்கனீசைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும்.

மிஞ்சினால் அது போய்த் தாக்கும் இடம் நரம்பு மண்டலம். 1837-இல் ஸ்காட்லாந்தில் மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர்களின் கைகால் தளர்ந்துபோனதை ஜான் கூப்பர் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். அது தூசியாக உள்ளே போனது. தண்ணீர் வழியாக நடந்ததற்கு 1941-இல் ஜப்பானில் பதிவான சம்பவம் உண்டு: கிணற்றருகே பழைய பேட்டரிகளைப் புதைத்திருந்தார்கள், தண்ணீரைக் குடித்தவர்களுக்குச் சோர்வு, தசை விறைப்பு, நடுக்கம். அங்கே அளந்தபோது லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம். வீட்டுக் கிணறுகளில் அந்த அளவு வருவது அபூர்வம்.

வீட்டு அளவில் கவலை தருவது கனடாவின் கியூபெக் ஆய்வு. 6 முதல் 13 வயது வரையான 362 பிள்ளைகளைப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். மாங்கனீசு மிக அதிகமான தண்ணீர் குடித்த பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண், மிகக் குறைவான தண்ணீர் குடித்தவர்களைவிட 6 புள்ளி அளவுக்குக் கீழே இருந்தது. மாங்கனீசுதான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் அதை ஒதுக்கிவிட மாட்டேன்.

சரி, எண் கையில் இருக்கிறது. 0.08-க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். அதற்கும் 0.3-க்கும் நடுவே என்றால், புட்டிப்பாலுக்கான தண்ணீரை இன்றே மாற்றுங்கள், மற்றவர்கள் பதறாமல் ஃபில்டர் பார்க்கலாம். 0.3-ஐத் தாண்டினால் குடிப்பது, சமைப்பது இரண்டுமே சுத்திகரித்த தண்ணீரில்தான். 1 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் ஃபில்டர் வரும்வரைகூடக் காத்திருக்காமல் வேறு தண்ணீருக்குப் போய்விடுங்கள். குளிப்பதற்கும் துவைப்பதற்கும் பயமில்லை, மாங்கனீசு தோல் வழியாக உள்ளே ஏறுவதில்லை என்றே சொல்லலாம்.

கொதிக்க வைப்பதை இதற்கு வழியாக நம்பாதீர்கள். ஆவியாவது தண்ணீர்தான், மாங்கனீசு பாத்திரத்திலேயே தங்கும். கிருமிக்காகக் கொதிக்க வைக்க வேண்டியிருந்தால், முதலில் மாங்கனீசு குறைந்த தண்ணீரை எடுத்து அதைக் கொதிக்க வையுங்கள்.

ஃபில்டரில் குடிக்கிற குழாய்க்கு மட்டும் போதுமென்றால் ஆர்ஓ நன்றாகவே வேலை செய்யும். வீடு முழுக்கக் கறை தொல்லை என்றால் மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய மணல் வைத்த ஆக்சிஜனேற்ற ஃபில்டர் பொருத்தமானது. மாங்கனீசை வைத்தே மாங்கனீசைப் பிடிக்கிற வித்தை அது. கரைந்த மாங்கனீசைக் கடின நீரை மென்மையாக்கும் கருவியும் எடுக்கும், ஆனால் ஏற்கெனவே கறுத்துப் படிந்தது அதை அடைத்துவிடும். தண்ணீரைக் காற்றில் தெளித்து மணலில் வடிகட்டினால் இரும்பு போகும், மாங்கனீசு பெரும்பாலும் போகாது. யூவி விளக்கால் இதில் எந்தப் பயனும் இல்லை. கரி போட்ட ஜக்கை, மாங்கனீசுக்கென்றே சான்று இருந்தால் மட்டும் நம்புங்கள். பாஸ்பேட் கலந்து நிறம் வராமல் செய்கிறோம் என்று யாராவது வந்தால், அது கறையைத்தான் மறைக்கும், மாங்கனீசு அப்படியே உங்கள் வயிற்றுக்குப் போகும்.

ஃபில்டர் மாட்டிய பிறகும் குழாய்க்குள் படிந்திருந்த கறுப்புச் சில வாரங்களுக்கு உதிர்ந்துகொண்டிருக்கும். அது ஓய்ந்த பிறகு மறுபடி ஸாம்பிள் எடுங்கள், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறையாவது. நிலத்தடி நீர் ஏறி இறங்கும்போது எண்ணும் மாறும். வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் கொண்டு வாருங்கள், எந்தக் குழாய், ஃபில்டருக்கு முன்னா பின்னா என்று பாட்டில்மேல் எழுதிவிடுங்கள். எழுதாத இரண்டு பாட்டிலைக் கொடுத்துவிட்டு "எது எதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுக்கோங்க" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள்.